பழைய டிராக்டருக்கு விலை மதிப்பது எப்படி?

சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுக் கால் ஊன்றும் விதத்தைக் கவனிக்கிறார். அதன் பிறகே துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசப்படுகிறது. அதே விவசாயி பழைய டிராக்டர் வாங்கப் போகும்போது புதிதாகப் பூசிய பெயிண்டைக் கண்டு மயங்கி, தரகர் சொன்ன தொகையில் பத்தாயிரம் குறைத்ததையே பெரும் வெற்றியாகக் கருதி வீடு திரும்புவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். மாட்டின் வயதைப் பல் காட்டிவிடும். யந்திரத்தின் தேய்மானத்தை எவ்வாறு அறிவது என்பதை இங்கு ஆராய்வோம்.

பொறியியலார் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. டிராக்டரின் உழைப்புக் காலம் 10 ஆண்டு, ஆண்டுக்கு 1,000 மணி, இறுதியில் மிஞ்சும் மதிப்பு வாங்கிய விலையில் 10 சதவிகிதம் என்பது அதன் அடிப்படை. 8 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி இக்கணக்கின்படி ஆண்டுக்கு 72,000 ரூபாய் தேய்ந்து, 8 ஆண்டு கழித்து 2,24,000 ரூபாய் பெறும். வாடகை நிர்ணயிக்க இது நன்கு உதவும். ஆனால் ஆண்டுக்கு 300 மணி உழைத்த வண்டிக்கும் 1,500 மணி உழைத்த வண்டிக்கும் ஆண்டுகளை மட்டும் எண்ணினால் ஒரே விலைதான் வரும். மோட்டார் காப்பீட்டு அட்டவணையும் நமக்கு நெடுந்தூரம் துணை வாராது. முதல் 6 மாதத்திற்கு 5 சதவிகிதம் என்று தொடங்கி, நான்காம் ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டு வரை 50 சதவிகிதம் கழிக்கச் சொல்கிறது. 5 ஆண்டு கடந்த வண்டிக்கு அட்டவணையே இல்லை. இரு தரப்பாரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆதலால் வேறு வழியில் தொடங்குவோம். அதே வகை, அதே குதிரைத்திறன், ஏறத்தாழ அதே வயதுள்ள வண்டிகள் சுற்று வட்டாரத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று மூன்று நான்கு இடங்களிலேனும் விசாரிக்க வேண்டும். கேட்ட விலை வேறு, கொடுத்த விலை வேறு என்பதை மறக்கலாகாது. புதிய வண்டியின் விலையையும் அறிந்துகொள்க. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான சரக்கு சேவை வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியுடன் 8 லட்சமாக இருந்தது ஏறத்தாழ ஏழரை லட்சமாகும். புதியது இறங்கினால் பழையதும் இறங்கியே தீரும். அதற்கு முந்தைய விலையை வைத்துப் பேசுவோரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

அடுத்து வண்டியைப் பார்ப்போம். காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் செல்வது நல்லது. முதலில் என்ஜின் மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதை மறைக்க முன்னரே ஓட்டி வைத்திருக்கக் கூடும். ஆறிய பின் கிளப்பச் சொல்லிப் புகையைக் கவனியுங்கள். ஓடச் சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன், லைனர் வேலை காத்திருக்கிறது. கரும்புகை நாசிலிலோ ஏர் கிளீனரிலோ உள்ள குறையாக இருக்கலாம். அதற்குச் செலவு குறைவு. ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்துவிட்டது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக் தேய்ந்துள்ளது.

மணி காட்டும் மீட்டரை முழுவதும் நம்ப வேண்டாம். பழைய வகை மீட்டர், என்ஜின் குறித்த வேகத்தில் சுழன்றால்தான் ஒரு மணியை ஒரு மணியாக எண்ணும்; மெதுவாக ஓடினால் குறைத்தே காட்டும். மாற்றிப் பொருத்துவோரும் உண்டு. மிதிகட்டையின் தேய்வும், டிரெய்லர் கொக்கித் துளையின் அகலமும் பொய் சொல்வதில்லை. துளை நீண்டு முட்டை வடிவாகியிருந்தால் அது வயலைவிடச் செங்கல், மணல் பாரத்தையே அதிகம் இழுத்த வண்டி. கிளட்சும் பிரேக்கும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். காவிரிப் பாசனப் பகுதியில் கேஜ் வீல் பூட்டிச் சேற்றுழவு செய்த வண்டியானால், அச்சுகளின் ஆயில் சீல் வழியே சேற்று நீர் புகுந்துள்ளதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் செய்வது அவசியம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது. அவர் தரகரின் ஆளாக மட்டும் இருக்கக் கூடாது!

இனிக் கணக்கு. நல்ல நிலையிலுள்ள அத்தகைய வண்டி 3,50,000 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். பின் டயர் இரண்டுக்கு 40,000, என்ஜின் வேலைக்கு 60,000, கிளட்சுக்கு 15,000 என்று பணிமனையில் மதிப்பிட்டால், மிஞ்சுவது 2,35,000. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கும், நடவு நாளில் வண்டி பணிமனையில் கிடந்தால் ஏற்படும் நட்டத்துக்கும் இன்னும் சிறிது கழித்தே நம் விலையைச் சொல்ல வேண்டும்.

செல்வந்தர் வைத்திருந்த பெரிய சொகுசு ஜீப்புகள் பத்தாண்டு கழித்து மிக மலிவாக விற்பனைக்கு வருவதன் காரணமும் இக்கணக்கிலேயே இருக்கிறது. வண்டியின் விலை இறங்கிவிட்டது. அதன் கியர் பெட்டியின் விலை இறங்கவில்லை. மலிவைக் கண்டு ஆசைப்படும் இளைஞர்கள் உதிரி பாகத்தின் விலையை முதலில் விசாரிப்பார்களாக.

ஊராட்சி அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். ஊராட்சிகள் உட்பட அரசு சார்ந்த அமைப்புகளின் வண்டிகளுக்கு, 15 ஆண்டு கடந்தபின் பதிவு செல்லாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அவை வண்டிகளை உடைக்கும் பதிவு பெற்ற நிலையத்திற்கே செல்ல வேண்டும். கிடைப்பது இரும்பின் விலையே. குப்பை டிராக்டருக்குப் பெருஞ்செலவில் பழுது பார்க்கத் தீர்மானம் போடுமுன் அதன் பதிவுத் தேதியைப் பாருங்கள்.

நாம் அறிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து, நல்ல வண்டி ஒன்றை நியாயமான விலைக்கே வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய உரிமையாளரின் கடன் பதிவாகியிருந்ததை யாரும் படிக்கவில்லை. மூன்றாம் மாதம் கடன் கொடுத்தவர்கள் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டனர். நகைக்கு வட்டி மட்டும் மிஞ்சியது. கடன் தீர்ந்த சான்றும், அப்பதிவை நீக்கும் 35ஆம் படிவமும் கையில் வராமல் முன்பணம் கொடுக்கலாகாது. என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யுடன் ஒத்துப் பார்க்க வேண்டும்.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே 29, 30ஆம் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு வருவதை இன்றோடு நிறுத்துங்கள்.