‘சோ-கோல்ட்’: ஓர் அடைமொழியின் இரு பொருள்

ஆங்கிலத்திலே இரு சொற்கள் கூடி ஓரடையாய் நின்று பெயரைச் சிறப்பிக்குந் தொடர்கள் பலவுள. அவற்றுள் நம் மாணாக்கரை எளிதில் இடறச் செய்வது ‘சோ-கோல்ட்’ என்பதாகும். ‘சோ’ என்பது ‘அவ்வாறு’. ‘கோல்ட்’ என்பது ‘அழைக்கப்பட்ட’. ஆகவே ‘அவ்வாறு அழைக்கப்படும்’ என்பதே அதன் நேர்ப்பொருள். வழக்கிலோ அஃது அவ்வளவில் அமைவதன்று.

நாம் மாணாக்கராயிருந்த காலத்தில், விழாவொன்றுக்கு வருகைதந்த பெரியாருக்கு ஆங்கிலத்தில் வரவேற்புரை எழுதினோம். ‘கல்விமான் எனப்படும் பெரியார்’ என்று தமிழில் எண்ணி, அவரைச் ‘சோ-கோல்ட் ஸ்கொலர்’ என்று குறித்தோம். ஆசிரியர் அத்தொடரைச் சிவப்பு மையினாற் சுழித்து, “தம்பி, அவர் படித்தவரல்லர் என்றா சொல்லுகிறாய்?” என வினவினார். அன்றுதான் அச்சொல்லின் கூர்மையை உணர்ந்தோம்.

தமிழில் ‘எனப்படும்’ என்பதில் ஐயப்பாடு இல்லை. தொல்காப்பியத்து முதற் சூத்திரத்திலேயே ‘எனப்படுப’ என்னுஞ் சொல் வரையறை கூறவே வந்துள்ளது. ஆங்கிலத் தொடரோ இரு பொருள் தரும். துறைச்சொல் ஒன்றை அறிமுகஞ் செய்யுமிடத்து ‘எனப்படும்’ என்ற பொருளையே தரும். ஆளையோ, பதவியையோ, கொள்கையையோ சாருமிடத்துப் பெரும்பாலும் ‘பெயரளவிலான’, ‘போலியான’ என்னும் பொருளைத் தரும்.

இவ்வேறுபாடு அரசியலிலும் புகுந்ததுண்டு. 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கிழக்கு ஜேர்மனியின் பெயருக்கு முன்னே, மேற்கு ஜேர்மனியர் பலர் இதற்கு நிகரான ஜேர்மன் அடையை வைத்தெழுதினர். ஸ்பிரிங்கர் பத்திரிகைகள் 1989 வரை அப்பெயரின் சுருக்கத்தை மேற்கோட்குறிக்குள்ளேயே அச்சிட்டன. ‘அஃது ஓர் அரசன்று’ என்னும் மறுப்பை, வாதமெதுவுமின்றி ஒரு சிற்றடையும் இரு குறிகளுமே உணர்த்தின.

இனி, எழுதும் முறை. பெயருக்கு முன் வரின் இரு சொற்களுக்குமிடையே இணைப்புக்குறி இடுக. வினைக்குப்பின் வரின் வேண்டா. ‘ரொபின் றெட்பிரெஸ்ட்’ என்னும் பறவை, செந்நிற மார்பினால் ‘இஸ் சோ கோல்ட்’ எனுமிடத்து அக்குறியுமில்லை, இகழ்ச்சியுமில்லை. இவ்வடை பெற்ற பெயரை மேற்கோட்குறிக்குள் மீண்டும் அடைப்பது மிகையாம். மதிப்போடு ஒருவரைச் சுட்டக் கருதின் ‘நோன் ஆஸ்’ என்பதே ஏற்றது.

ஆதலின், இளம் மாணாக்கரே, இவ்வடையை எழுதுமுன் அவ்விடத்திற் ‘பெயரளவிலான’ என்பதை வைத்துப் பாருங்கள். அது நீங்கள் கருதிய பொருளன்றாயின், அடையை விலக்கிவிடுங்கள். ஒருவர் உழைத்துப் பெற்ற பெயரை, நாம் அறியாமலே பறித்துவிடலாகாது.