கற்பனை அணியும் மாற்று வாணிகமும்

விளையாட்டு என்றவுடன் மைதானமும் வியர்வையும் நம் நினைவுக்கு வருகின்றன. மைதானத்தில் கால் வைக்காமலே, காகிதமும் எழுதுகோலும் கொண்டு ஆடத்தக்க விளையாட்டு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இலட்சக்கணக்கானோர் ஆடும் ‘ஃபேன்டசி’ கால்பந்து, அதாவது கற்பனை அணி ஆட்டமே அது. பொருளியல் வகுப்பில் நாம் படிக்கும் அருமை, வாய்ப்புச் செலவு, பரிமாற்றம் ஆகிய மூன்றும் இதில் உயிர் பெற்று நடமாடக் கண்டேன். அதனை மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூல ஆட்டம்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் விதிகள் முதன்முதலாக 1859-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் எழுதப்பட்டன. முட்டை வடிவ மைதானத்தில் பக்கத்திற்கு 18 பேர் ஆடுவர். நடுக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள். பக்கக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. விக்டோரியா மாநிலத்துப் போட்டியாக 1897-இல் தொடங்கிய கூட்டமைப்பே 1990 முதல் ஏ.எஃப்.எல். என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது.

கற்பனை ஆட்டத்தில் நாம் ஒவ்வொருவரும் ஓர் அணியின் பயிற்சியாளர். குறிப்பிட்ட சம்பள வரம்பிற்குள் உண்மையான வீரர்களை ‘வாங்கி’ அணி அமைக்க வேண்டும். வார இறுதியில் அவ்வீரர்கள் உண்மையில் செய்தது நம் புள்ளியாகிறது. பந்தை ஒரு முறை உதைத்தால் 3, கையால் தட்டி அனுப்பினால் 2, உதைத்து வந்த பந்தைத் தரை தொடாமல் பிடித்தால் 3, எதிரியை மடக்கினால் 4, கோல் அடித்தால் 6. தவறிழைத்து எதிரிக்கு உதை கொடுத்தால் 3 குறையும். தலைவனாக நாம் குறிக்கும் வீரரின் புள்ளி இரட்டிப்பாகும்.

தேர்வு

புகழ் வேறு, புள்ளி வேறு என்பதே முதற்பாடம். ஒரு முன்னணி வீரர் 7 முறை உதைத்து, அதில் 5 கோலும் 2 ஒற்றைப் புள்ளியும் பெற்று, 5 முறை பந்தைப் பிடித்து, ஒரு முறை எதிரியை மடக்கினார் என்று கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 72. அன்று வெற்றி அவராலேயே வந்திருக்கலாம். மற்றொருவர் நடுக்களத்தில் ஓடியோடி 20 முறை உதைத்து, 12 முறை கையால் தட்டி, 6 முறை பிடித்து, 4 முறை மடக்கினார். ஒரு கோலும் இல்லை. அவருக்குக் கிடைப்பதோ 118. மறுநாள் செய்தித்தாளில் முன்னவர் படம் வரும்; நம் அணிக்குப் பின்னவரே வேண்டும். அளவுகோல் எதுவோ, அதற்கேற்பவே மதிப்பு என்பது இங்கே தெளிவாகிறது.

விலையோ பெரும்பாலும் சென்ற ஆண்டின் சராசரியைக் கொண்டு அமைகிறது. ஆகவே நாம் தேட வேண்டியது சிறந்த வீரரை அன்று. விலையைக் காட்டிலும் சிறக்கப் போகிறவரை. சென்ற ஆண்டு காயத்தால் குறைவாக ஆடியவர், பின்களத்திலிருந்து நடுக்களத்திற்கு மாற்றப்பட்டவர், புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஆகிய மூவகையாரிடமே இந்த இடைவெளி மிகுதி.

மாற்றும் காலம்

மாற்றங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இன்று செய்யும் ஒரு மாற்றத்தின் உண்மை விலை, நாளை செய்ய முடியாமற்போகும் மாற்றமே. ஒரே தரத்தாரில் ஒருவரை விடுத்து இன்னொருவரைக் கொள்வது வீண் செலவு. பயன் தருவது ‘ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கும்’ முறை. இரு இளைஞர்களை மலிவாக வாங்கி, ஒவ்வொருவரும் 4 இலட்சம் டாலர் அளவுக்கு வளர்ந்தபின் விற்றால் கையில் 8 இலட்சம் சேரும். அதில் 1½ இலட்சத்திற்குப் புதிய இளைஞர் ஒருவரையும், 6½ இலட்சத்திற்கு முதல்தர வீரர் ஒருவரையும் வாங்கலாம்.

விற்கும் நாளை எப்படி அறிவது? ஒருவர் தம் விலை இறங்காமல் காக்க எடுக்க வேண்டிய புள்ளி ஒன்று உண்டு. அவர் வழக்கமாக எடுப்பதை விட அது உயர்ந்துவிட்டால், கனி பழுத்துவிட்டது என்று பொருள். வாங்கிய விலையை எண்ணி வருந்துவது வீண், போனது போனதே. இனி அவர் தரப்போவது என்ன என்பதே கேள்வி.

இருவர் வாணிகம்

மற்றொரு வகை ஆட்டத்தில் ஒரு வீரர் ஒரே அணிக்குத்தான் சொந்தம். முறை வைத்துத் தேர்ந்தெடுப்பர். அங்கே அருமையே அரசன். பந்தை மேலே எறியும்போது துள்ளித் தட்டும் ‘ரக்’ வீரர் பொதுவாக ஓர் உண்மை அணிக்கு ஒருவரே முதன்மையானவர். கழகங்களோ 18. பத்துப் பேர் ஆடும் குழுவில் நல்ல ரக் விரைவில் தீர்ந்துபோவார்.

எனக்கு நடுக்கள வீரர் மிகுதி. ரக் 60 புள்ளிக்காரர். நண்பரிடம் ரக் இருவர், நடுக்களம் மெலிவு. நான் 105 எடுப்பவரைக் கொடுத்து, அவர் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் 95 எடுக்கும் ரக்கை வாங்குகிறேன். என் நடுக்களத்தில் 90 எடுப்பவர் ஏறுவதால் இழப்பு 15. ரக்கில் வரவு 35. நிகர வரவு 20. நண்பருக்கும் 85 எடுப்பவர் இடத்தில் 105 வருகிறது, வரவு 20. பெரிய எண்ணைக் கொடுத்துச் சிறிய எண்ணை வாங்கியும் நான் ஏமாறவில்லை, அவரும் ஏமாறவில்லை. வாணிகத்தால் இரு தரப்பும் பயனடையலாம் என்று 1817-இல் ரிக்கார்டோ நாடுகளை வைத்துக் காட்டியதன் சாயல் இது. எதிரியை ஏய்க்க முனைபவனுக்கு அடுத்த முறை வாணிகம் செய்ய ஆள் கிடையாது.

எண்ணுக்கு அப்பால்

ஹாதோர்ன் கழகத்தின் டாம் மிட்செல் 2018-ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தை அனுப்பிச் சாதனை படைத்தார். அவ்வாண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் பெற்றார். இவரைவிட நம்பத்தக்கவர் யார் என்று எல்லாரும் எண்ணியிருந்த வேளையில், 2019 ஜனவரியில் பயிற்சியின்போது கால் எலும்பு முறிந்தது; அவ்வாண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. உறுதி என்று எண்ணும் எதுவும் நிகழ்தகவே என்பது கணக்கு தரும் பாடம்.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. கற்பனைப் பயிற்சியாளனுக்கு அந்த முறிவு பட்டியலில் அடிக்கும் ஒரு கோடு. வேறொரு பெயரை எழுதி முடித்துவிடலாம். அவருக்கோ அது வாழ்வில் ஓர் ஆண்டு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்றவர் குறைந்தது 12 நாள் ஆடலாகாது என 2021-இல் விதி செய்தபோதும், ‘என் அணிக்கு ஒரு வாரம் போயிற்றே’ என்று எண்ணத் தோன்றும் மனம் இந்த ஆட்டத்திற்கு உண்டு. நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மனிதரை எண்ணாகக் காணும் நாற்காலிகளில் அமரவிருக்கிறோம். எண்ணில்லாமல் நேர்மையாகத் தேர்வு செய்ய முடியாது. புகழுக்கும் பரிந்துரைக்கும் மயங்கிவிடுவோம். ஆயினும் எண்ணுக்குப் பின்னால் ஓர் எலும்பும் ஒரு வலியும் இருப்பதை மறந்தால், கணக்குச் சரியாயிருந்தும் தீர்ப்புத் தவறிவிடும். கணக்கைக் கூர்மையாகப் போடுவோம். போட்டபின் மனிதனையும் ஒரு முறை நோக்குவோம்.