கல்லும் கல்வியும்: கற்கருவி செய்யப் பழகுவோர்க்குச் சில குறிப்புகள்

முன்னுரை

தமிழில் ‘கல்’ என்னும் சொல் பெயராக நின்று பாறைத் துண்டைக் குறிக்கும். ஏவல் வினையாக நின்று ‘பயில்’ எனப் பணிக்கும். கல்லுதல் என்பதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. இம்மூன்றையும் பல்லாண்டுகளாக வகுப்பில் விளக்கி வந்துள்ளோம். ஆயினும், கல்லிடம் கற்பது எத்தகையது என்பதைக் கையால் உணர்ந்தது அண்மையில்தான்.

மாணவர்களுடன் சென்னை அருங்காட்சியகத்திற்குச் சென்றபோது, கைக்கோடரி ஒன்றின் முன் நின்ற மாணவர் ஒருவர், “கல்லைக் கல்லால் அடித்தால் உடையத்தானே செய்யும், ஐயா? இதில் என்ன அறிவு இருக்கிறது?” என்று வினவினார். நம்மிடம் நேரடி விடை இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தமிழகத்தின் சான்று

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வூரின் கைக்கோடரிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, சராசரியாகப் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று காட்டியது. அவை குவார்ட்சைட் என்னும் உறுதிமிக்க கல்லால் ஆனவை.

கல்லின் இயல்பு

எல்லாக் கல்லும் கருவிக்கு ஆகாது. அம்மிக்கு உதவும் கருங்கல் மணிமணியாக உதிரும். சிக்கிமுக்கி, செர்ட், அகேட், எரிமலைக் கண்ணாடி போன்றவையோ சீரான உள்ளமைப்பு உடையவை. அவற்றை அடித்தால் விசை கூம்பு வடிவில் விரியும். சிப்பியின் உட்புறம் போன்ற அலைகளுடன் செதில் பெயரும். சன்னல் கண்ணாடியில் சிறு குண்டு பட்டால் மறுபுறம் கூம்பாகச் சில்லு தெறிப்பதும் இவ்விதியாலேயே.

சிற்பிகள் கல்லைத் தட்டி அதன் ஓசையால் ஆண்கல், பெண்கல் என வகுப்பர். கருவி செய்வோரும் தட்டிப் பார்த்தே தேர்வர். மணியோசை எழுந்தால் நல்ல கல். மந்த ஓசை எழுந்தால் உள்ளே விரிசல் உண்டு.

வேண்டிய கருவிகள்

தொடங்குவோர்க்கு நான்கு கருவிகள் போதும். நான்கையும் நாமே செய்துகொள்ளலாம்.

1. அடிகல்: உள்ளங்கையில் அடங்கும், ஆற்றுநீர் உருட்டிய முட்டை வடிவக் கூழாங்கல். விரிசல் இருத்தலாகாது.

2. மென்சுத்தி: மேலைநாட்டார் இதற்கு மான்கொம்பைக் கொள்வர். நம் நாட்டில் மான்கொம்பு வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆதலின் வயிரம் பாய்ந்த மரக்கட்டையே தக்கது. மெல்லிய, அகன்ற செதில்களைப் பெயர்க்க இது உதவும்.

3. அழுத்துகோல்: ஒரு சாண் நீள மரப்பிடியில் துளையிட்டு, தடித்த செம்புக் கம்பியை இறுகச் செருகி, ஒரு விரற்கடை வெளியே நீட்டி முனையைத் தீட்டிக்கொள்க. செம்பு மென்மையானது, ஆதலால் கல்லின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். இரும்பாணி வழுக்கும், அல்லது விளிம்பை நொறுக்கும். செம்புமுனை விரைவில் மழுங்கும். அடிக்கடி தீட்ட வேண்டும்.

4. தேய்கல்லும் தோலும்: விளிம்பை உரசச் சொரசொரப்பான கல் ஒன்று, உள்ளங்கையையும் தொடையையும் காக்கத் தடித்த தோல் துண்டு இரண்டு.

செய்முறை

வீட்டுக் கொல்லையில் நாம் முதல்நாள் அடித்த அடிகளில் கிடைத்தது சல்லி மட்டுமே. கல்லின் நடுவில் அடித்ததே பிழை. தெருவில் அம்மி கொத்த வந்த முதியவர் நின்று பார்த்துவிட்டு, “என்ன பாய், கல்லோட சண்டையா? ஓரம் பாத்துத் தட்டுங்க; கல்லே வழிவிடும்” என்றார். நூல்கள் கூறும் விதியும் அதுவே. அடிபடும் தளமும் செதில் பெயரும் முகமும் சந்திக்கும் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். அவ்விளிம்பை ஒட்டியே அடிக்க வேண்டும்.

பழகுவோர் தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பகுதியில் தொடங்குவது நன்று. தோல் விரித்த கையில் அதனை வைத்து, கூரிய விளிம்பைத் தேய்கல்லால் உரசி உறுதியாக்குக. உரசாத விளிம்பு நொறுங்கிவிடும். அழுத்துகோலின் முனையை விளிம்பில் ஊன்றி, முதலில் உள்நோக்கி அழுத்திப் பின்னர் கீழ்நோக்கித் தள்ளுக. அடிமுகத்திலிருந்து செதில் பெயரும். பின் புரட்டிவைத்து மறுமுகத்தில் தொடர்க. 1911இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்ட யாஹி இனத்தின் இறுதி மனிதர் இஷி, சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் புட்டிக் கண்ணாடியால் அம்புமுனைகள் செய்து காட்டினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வாழும் மரபு

நாம் மோதிரத்தில் பதிக்கும் அகீக் கல், குஜராத்தின் கம்பாத் நகரில் இம்முறையாலேயே உருப்பெற்று வந்தது. தரையில் நாட்டிய இரும்பு முனைமேல் கல்லைச் சாய்த்து, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டுவர்; கீழுள்ள முனையின் எதிர்விசையால் செதில் பெயரும். இரத்தன்பூர்க் குன்றில் அடங்கியுள்ள பாபா கோர் என்னும் அபிசீனிய வழியினரான இறைநேசரோடு அவ்வட்டாரத்தார் இத்தொழிலை இணைத்துப் போற்றுவர்.

அவ்வழகின் விலை பெரிது. அக்கல்லைச் சாணையில் தீட்டுவோரிடையே சிலிக்காத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் பரவியமை மருத்துவர்கள் பதிவுசெய்த உண்மை. நாம் விரும்பினால் அழுத்துகோலைக் கீழே வைத்துவிடலாம். வயிற்றுக்காகக் கல் தீட்டியவருக்கு அவ்வுரிமை இருந்ததில்லை.

எச்சரிக்கைகள்

கண்ணாடியும் கல்லும் கண்ணில் தெறிக்கும். காப்புக்கண்ணாடி இன்றித் தொடங்கலாகாது. திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு அமர்க, முகமூடி அணிக. சில்லுகளை விரித்த துணியில் சேர்த்து அப்புறப்படுத்துக. குழந்தைகள் வெறுங்காலோடு நடப்பர்.

மற்றொன்றும் உண்டு. தொல்லிடங்களில் ஒரு கல்லையும் எடுக்கலாகாது. நாம் உடைத்த சில்லுகளை அங்கே போடுவதும் தகாது. நம் விளையாட்டு, நாளைய ஆய்வாளருக்குப் பொய்ச்சான்றாகிவிடும்.

நிறைவுரை

பல வாரங்களுக்குப் பின் நம் கையில் கோணலான அம்புமுனை ஒன்று தேறியது. அதனை அம்மாணவரிடம் தந்து, புட்டித்துண்டு ஒன்றையும் அழுத்துகோலையும் உடன் கொடுத்தோம். ஒரு மணி நேரம் முயன்றபின் அவர் நிமிர்ந்து, “அடுத்த அடியை முன்கூட்டியே நினைக்க வேண்டியிருக்கிறது, ஐயா” என்றார். அவர் வினாவுக்குரிய விடையை அவரே கண்டுகொண்டார். கல்லில் விழுந்த அடியைத் திரும்பப் பெற இயலாது. ஆதலின் அடிக்கும் முன் எண்ணுதல் வேண்டும். எழுத்துத் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்தில் அப்பாடம் நடந்திருக்கிறது. கைத்தொழிலை அறிவுக்குப் புறம்பென எண்ணும் வழக்கத்தை நாம் விடுவதற்கு அவ்வொரு சான்றே போதுமானது.