தொலைவில் ஒரு நகல்

நுழையும்முன்

ஓலை செல்லரிக்கும்முன் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்து நூல்களைக் காத்தவர்கள் நம் முன்னோர். இன்று எழுத்து ஓலையிலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்துள்ளது. அழியும் வழிகள் மாறியுள்ளனவே தவிர, அழிவு நீங்கிவிடவில்லை. ஒரு தொழிலகம் தன் தரவுகளை எவ்வாறு காப்பது, இழந்தால் எவ்வாறு மீட்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓரிடமும் ஈரிடமும்

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடங்களில் படியிருந்த அச்சு நூல்களை மீண்டும் திரட்ட இயன்றது. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை. நெருப்பு அனைத்தையும் ஒன்றுபோலவே எரித்தது. மீள்வதையும் மீளாமையையும் முடிவு செய்தது, மற்றோரிடத்தில் ஒரு படி இருந்ததா என்பதே.

இதற்கு மறுதலையான நற்சான்று கொங்கு நாட்டில் உண்டு. கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்நிறுவனம் பல நாடுகளின் கரும்பு வகைகளைக் கேரளத்தின் கண்ணூரிலுள்ள தன் ஆய்வு மையத்தில் பேணி வருகிறது. இத்தகைய உலகத் தொகுப்பு மற்றொன்று அமெரிக்காவின் மியாமியில் உள்ளது. ஒரு வயலில் நோய் பரவினாலும், கடல் கடந்த மற்றொரு வயலில் கரும்பு தழைத்திருக்கும். தொழிலகத்தின் தரவுகளுக்கும் பொருந்தும் நெறி இதுவே.

எதை இழக்கிறோம்?

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டு வணிகர் கேட்ட அளவுகள், சாயக் கலவையின் விகிதம், வரவேண்டிய தொகை, தொழிலாளர் தைத்த உருப்படிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் ஒரு கணினியில் உள்ளன. அவற்றின் நகல் ஒரு வன்தட்டில், அதே அறையின் அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மின்கசிவால் அவ்வறை எரிகிறது. மறுநாள் கூலி வழங்கும் நாள். எவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று உரிமையாளருக்குத் தெரியவில்லை. தம் உழைப்பை மெய்ப்பிக்கத் தொழிலாளரிடமும் சான்றில்லை. எந்திரத்தை மறுபடியும் வாங்கலாம். கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

திட்டமிடும் முறை

திட்டமிடுவோர் முதலில் இரண்டு வினாக்களுக்கு விடை காணவேண்டும். எத்தனை மணிநேரப் பதிவுகளை இழந்தால் மீண்டும் எழுதிக்கொள்ள இயலும்? எத்தனை மணிநேரம் கணினியின்றித் தொழிலை நடத்த இயலும்? முதல் வினாவின் விடை, நகலெடுக்கும் கால இடைவெளியை உணர்த்தும். இரண்டாவதன் விடை, மீட்புக்கு வேண்டிய கருவிகளையும் ஆட்களையும் உணர்த்தும்.

அடுத்தது, மூன்று-இரண்டு-ஒன்று என்னும் நெறி. தரவு மூன்று படிகளாக இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் அமைதல் வேண்டும். ஒரு படியேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

வேறிடம் என்பது அடுத்த அறையன்று. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு பெருந்தரவு மையம் தீக்கிரையானது. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். ஆதலால் ஒரே இடரில் இரண்டும் சிக்காத தொலைவு வேண்டும். கோவை நிறுவனம் தன் நகலைச் சென்னையில் வைக்கலாம். ஆயினும் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவிற்கொண்டு, அங்கும் மேடான, பாதுகாப்பான இடத்தைத் தேர்தல் வேண்டும்.

தொலைவு மட்டும் போதாது. எப்போதும் இணையத்தில் இணைந்திருக்கும் நகலில், மூலத்தில் நேர்ந்த பிழையும் உடனே படிந்துவிடும். 2017 மே மாதத்தில் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இணைப்பிலிருந்து பிரித்துவைத்த நகலை இத்தகைய தீநிரல் எட்டுவதில்லை. நிறுவனங்களின் கணக்கேடுகள் மின்னணு வடிவில் இருப்பின், அவற்றின் காப்புநகலை இந்தியாவிலுள்ள வழங்கியில் நாள்தோறும் பதிய வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட நிறுவனச் சட்ட விதிகளும் வலியுறுத்துகின்றன.

மீட்டுப் பார்த்தலே காப்பு

நகல் எடுத்துவிட்டோம் என்னும் மனநிறைவே பெரும் இடர். அது திறக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. குறித்த கால இடைவெளியில், தொலைவிலுள்ள நகலை வேறொரு கணினிக்குக் கொணர்ந்து, ஒரு நாளின் கணக்கை முழுமையாக மீட்டுப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஆன நேரத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். நகலைப் பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்வதும், அதன் கடவுச்சொல்லை நம்பிக்கைக்குரிய இருவர் அறிந்திருப்பதும் இன்றியமையாதவை. ஒருவர் மட்டுமே அறிந்த திறவுகோல், அவர் இல்லாத நாளில் பூட்டாகிவிடும். மீட்பு வழிமுறையைத் தாளில் எழுதி வைத்தலும் நன்று. கணினி பழுதான நாளில் கணினிக்குள் இருக்கும் குறிப்பு பயன்படாது.

தரவு என்பது வெறும் எண்களின் தொகுப்பன்று. அதனுள் ஒருவரின் கூலியும் மற்றொருவரின் நம்பிக்கையும் அடங்கியுள்ளன. அவற்றைத் தொலைவில் ஒரு நகலாக வைத்துக் காப்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. தொழில் அறமும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள தொழிலகம் அல்லது கடை ஒன்றின் கணக்குகள் எங்கெங்குப் பாதுகாக்கப்படுகின்றன என்பதைக் கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் வீட்டில் மறுபடி இல்லாத ஆவணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் காக்கும் திட்டம் ஒன்றை வகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.