பட்டியலில் பெயர் ஏறும் வரை

நெல்லித்தோப்பில் குடியிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீரகம் கொடுக்க வீட்டில் பொருத்தமானவர் இல்லை. அதனால் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதற்காக, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் பரிசோதனைகளைத் தொடங்கியிருக்கிறார். தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம், "லிஸ்ட்ல பேர் வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள். இன்னும் வரவில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் ஆதார் எண் கொடுத்துப் பதிந்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். "நான் பதிஞ்சிட்டேன்" என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது உறுப்பு தானம் செய்ய உறுதி கொடுப்பவர்களுக்கானது. உறுப்பு வேண்டிக் காத்திருப்பவர் போனில் தானே பதிந்துகொள்ள முடியாது. உரிமம் பெற்ற மாற்று சிகிச்சை மருத்துவமனை உங்களைப் பரிசோதித்து, தகுதி உண்டு என்று முடிவு செய்தபின் அதுவே பதியும். பதிந்ததும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகுதிக்குத்தான் இத்தனை அலைச்சல். ரத்த வகை, திசுப் பொருத்தம், எக்கோ, மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், காசநோய், பல். "பல்லுக்கும் கிட்னிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்காதவர் இல்லை. புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அப்போது சொத்தைப் பல்லில் பதுங்கியிருக்கும் கிருமிகூட தலைதூக்கும். ஆகவே பல் டாக்டரை முதல் மாதமே பார்த்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்படித்தான். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமாக நான்கு தவணை. முதல் ஊசியிலிருந்து கடைசி ஊசி வரை ஆறு மாதம் ஆகும். தள்ளிப்போட்டால் அவ்வளவும் தள்ளிப்போகும்.

இன்னொரு விஷயம்: ரிப்போர்ட்டுக்கும் வயதாகும். ஒரு பரிசோதனை முடிவதற்குள் இன்னொன்று பழசாகி, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து, தேதியைப் பெயராக வைத்து, தனி ஃபோல்டரில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைத்தால் தேடும்போது கிடைக்காது. ஓபிடி முன்பதிவை ஓஆர்எஸ் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

உடம்பு சோர்ந்தால், "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திக்கலாமா?" என்று கேட்கத் தோன்றும். கவனம். ஏற்றும் ரத்தத்தால் உடலில் எதிர்ப்பொருட்கள் உருவாகலாம். பிறகு பொருத்தமான உறுப்பு கிடைப்பது கடினமாகும். ரத்தசோகைக்கு ஊசிகள் உண்டு. அவசரத்தில் ரத்தம் தேவைப்பட்டால் மறுக்கக் கூடாது. ஆனால் ஏற்றியதை மாற்று சிகிச்சைப் பிரிவில் கட்டாயம் சொல்லுங்கள். மெடிக்கலில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம்.

சாப்பாடுதான் தினப்படி போராட்டம். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றிலும் உப்பு. உப்பு ஏறினால் தாகம், தாகம் வந்தால் தண்ணீர், தண்ணீர் ஏறினால் மூச்சுத் திணறல். இளநீர் நல்லதுதானே என்று அன்பாக வெட்டிக் கொடுப்பார்கள். அதில் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. காய்களை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஃபிஸ்டுலா போட்ட கையில் பிபி பார்க்க விடாதீர்கள். தண்ணீர்க் குடத்தையும் அந்தக் கையால் தூக்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் "சீக்கிரம் ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது போன் செய்வார்கள். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2011 திருத்தத்துக்குப் பின் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். சந்தேகம் இருந்தால் நோட்டோவின் கட்டணமில்லா எண் 1800 11 4770. 24 மணி நேரமும் பேசலாம்.

பெயர் ஏறிய பிறகும் காய்ச்சலோ தொற்றோ வந்தால் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். பெயரை எடுத்துவிட்டதாக அர்த்தமில்லை. குணமானதும் ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே போய், "திரும்பச் சேர்த்தாச்சா?" என்று கேளுங்கள். உங்கள் எண்ணோடு வீட்டில் இருவர் எண்ணும் அவரிடம் இருக்கட்டும். சிம் மாற்றினால் அன்றைக்கே சொல்லுங்கள். அழைப்பு நடுராத்திரியிலும் வரலாம். ஒரே உறுப்புக்குச் சிலரை அழைத்துப் பொருத்தம் பார்ப்பதும் உண்டு; உங்களுக்குப் பொருந்தாமல் வீடு திரும்ப நேர்ந்தாலும் பட்டியலில் உங்கள் பெயர் அப்படியேதான் இருக்கும்.