சாவிக்கொத்தும் சர்வரும்

கடைச் சாவிகளைக் கையாள்வதில் நாம் கெட்டிக்காரர்கள். குடோன் சாவி சரக்கு எடுப்பவரிடம் இருக்கும். கல்லாச் சாவி கல்லாவில் அமர்பவரிடம் இருக்கும். இரும்புப் பெட்டிச் சாவியோ முதலாளியின் இடுப்பை விட்டு அகலாது. இது பரம்பரையாக வந்த வழக்கம்.

ஆனால் கணினி விஷயத்தில்? பில் போடும் தம்பிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் பல கடைகளில் ஒரே பாஸ்வேர்டுதான். கொள்முதல் விலை, கடன் பாக்கி, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இரும்புப் பெட்டியைத் திறந்து வாசலில் வைப்பதற்குச் சமம் இது. இதைச் சரிசெய்யும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கடையின் கணினிகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகளைத் தாங்கி நிற்பதே சர்வர்.

முதலில், அதிலுள்ள கோப்புகளைத் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். விற்பனை பில்கள் ஒரு தொகுதி. சரக்கு இருப்பு ஒரு தொகுதி. கொள்முதல் விலையும் பேரேடும் ஒரு தொகுதி.

இரண்டாவதாக, ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். பில் குழு, குடோன் குழு, கணக்குக் குழு என மூன்று போதும். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் அவசியம்.

மூன்றாவதாக, அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இதுவே பாடத்தின் சாரம். 10 ஊழியர், 6 கோப்புறைகள் என்றால் ஆளாளுக்கு அனுமதி கொடுக்க 60 முடிவுகள் தேவை. 3 குழு, 3 தொகுதி என்றால் 9 முடிவுகளே. புதியவர் வந்தால் குழுவில் சேர்க்கிறோம். வேலை மாறினால் குழுவை மாற்றுகிறோம். பொறுப்பைப் பார்த்து அனுமதி தரும் இந்த முறையை 1992ல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோ, கூன் என்ற இருவர் ஒழுங்குபடுத்தி எழுதினர்.

விண்டோஸ் சர்வரில் சில நுட்பங்களைக் கவனிக்க வேண்டும்.

1. 'படிக்க மட்டும்', 'திருத்தலாம்', 'முழு அதிகாரம்' எனப் படிகள் உண்டு. பில் போடுபவர் இருப்பைப் பார்த்தால் போதும், திருத்த வேண்டியதில்லை. முழு அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே.

2. ஒருவர் இரு குழுக்களில் இருந்தால் இரண்டின் அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும். எனவே பழைய குழுவிலிருந்து நீக்க மறக்கக் கூடாது.

3. குழுவை மாற்றினால், அந்த ஊழியர் வெளியேறி மீண்டும் உள்ளே வந்த பிறகே மாற்றம் முழுமையாகச் செல்லுபடியாகும்.

4. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே முடக்க வேண்டும். கணக்குத் தீர்த்துச் சம்பளம் கொடுக்கும்போதே இதையும் முடித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பணம் வாங்குபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது. 1762ல் தொடங்கிய லண்டன் பேரிங்ஸ் வங்கி 1995ல் கவிழ்ந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் வியாபாரமும் செய்தார். அதன் கணக்கு முடிக்கும் பிரிவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. நட்டத்தை 88888 என்ற கணக்கில் மறைத்தார். நட்டம் 80 கோடி பவுனைத் தாண்டியது. கடைசியில் அந்த வங்கி ஒரு பவுனுக்குக் கைமாறியது. இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்ததால் வந்த வினை அது. நம் கடையில் பில்லை ரத்து செய்யும் அதிகாரம் பில் போடுபவரிடமே இருந்தால், அளவு சிறிதாயினும் ஆபத்து அதேதான்.

நம் நாட்டில் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. தனி வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாவிட்டாலும் பயன் உண்டு. ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவேடு யாரைக் காட்டும்? தவறு செய்தவர் தப்புவார்; நேர்மையான ஊழியர் மீது வீண் பழி விழும்.

ஆகவே இது சந்தேகத்தால் போடும் பூட்டு அல்ல. நம்பிக்கையானவரைக் காக்கும் பூட்டு. இந்த வாரம் கடை அடைத்த பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, யாரிடம் எந்த அனுமதி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். தேவையற்ற அனுமதிகளை அன்றே நீக்கிவிடுவோம்.