முத்துக் குளிக்கும் நிரல்

கணிப்பொறிக்கு நாம் தரும் ஆணைகளின் வரிசைக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதக் கற்கும் மாணவர் பலர் பத்து எண்களைக் கூட்டுவதிலும் வட்டிக் கணக்குப் போடுவதிலும் தொடங்குகின்றனர். இவை பயனுள்ளவையே. ஆனால் விடை வந்ததும் வேலை முடிந்துவிடும். திரையில் ஓர் உருவம் அசையத் தொடங்கினாலோ, அதை வேகமாக ஓட்டலாமா, தாண்ட வைக்கலாமா என்று மனம் மேலும் மேலும் கேட்கும். ஆகவே சிறிய விளையாட்டு ஒன்றை எழுதியே நிரல் கற்போம்.

பொருளை வெளியூரில் தேட வேண்டியதில்லை. சாகுபுரத்து உப்பளங்களைக் கடந்து சற்றுக் கிழக்கே சென்றால் மன்னார் வளைகுடா. காயல்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று இக்கரை நெடுக முத்துக்குளித்தல் நடந்த வரலாறு உண்டு. அதையே திரைக்குக் கொண்டு வருவோம்.

விளையாட்டும் இயற்பியலும்

திரை விளையாட்டின் வரலாற்றில் தொடக்கத்திலேயே ஓர் இயற்பியலாளர் நிற்கிறார். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்பவர், ஆய்வகத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்காக ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். எறிபொருளின் பாதையைக் கணக்கிடக்கூடிய கணிப்பொறி அங்கிருந்தது. அந்தக் கணக்கையே பந்துக்குப் பொருத்தி, அலைவுகாட்டியின் சிறு திரையில் ஓர் ஒளிப்புள்ளியாக அதைக் காட்டினார்.

1972-இல் அடாரி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளருக்குப் பயிற்சி வேலையாக ஓர் எளிய பந்தாட்டம் தரப்பட்டது. அப்பயிற்சியே 'பாங்' என்ற உலகப் புகழ் பெற்ற விளையாட்டாயிற்று. அதில் நிரல் கிடையாது, எல்லாம் மின்சுற்றுகளே. ஆயினும் எளிய விளையாட்டு ஒன்றைச் செய்து தொழில் கற்பது அன்றே வழக்கில் இருந்தது என்பதற்கு அது சான்று.

நம் கடலை அளப்போம்

கடலடியில் முத்துச்சிப்பிகள் படிந்து வாழும் பாறைத் திட்டை இங்கே 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தொல்லாயிரம் பார் பெயர் பெற்றது. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து இறங்குவார். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடுவார். கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். இவை யாவும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

இனி அளவுகள். ஆழம் 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 8 பாகம் என்று கொள்வோம். மூச்சுக்கு ஒரு நிமிடம். திரையில் ஒரு மீட்டரை 20 புள்ளிகளாக வரைவோம். எனவே கடலின் ஆழம் 300 புள்ளிகள். விநாடியைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சுற்று என்போம். ஒரு நிமிட மூச்சு 600 சுற்றுகள் ஆகும்.

உலகை எண்களாக மாற்றும் இந்த வேலை நிரல் எழுதுவதில் பாதி. இதைச் செய்யக் கணிப்பொறி தேவையில்லை. காகிதமும் பென்சிலும் போதும்.

நிரல்

ஆழம் = 0
வேகம் = 0
மூச்சு = 600
கல் = 1
கீழ்வருவனவற்றைத் திரும்பத் திரும்பச் செய்க:
(1) கல் = 1 எனில், வேகம் = வேகம் + 0.6 − 0.3 × வேகம்
(2) விசைப்பலகையில் இடைவெளி விசை அழுத்தப்பட்டால், கல் = 0
(3) கல் = 0 எனில், வேகம் = −2
(4) ஆழம் = ஆழம் + வேகம்
(5) ஆழம் 300 அல்லது அதற்கு மேல் எனில், ஆழம் = 300, வேகம் = 0
(6) மூச்சு = மூச்சு − 1
(7) குளிப்பவரை அந்த ஆழத்தில் வரைக, 0.1 விநாடி பொறுக்க
(8) கல் = 0, ஆழம் 0 அல்லது அதற்குக் கீழ் எனில், வெற்றி; நிறுத்துக
(9) மூச்சு = 0 எனில், தோல்வி; நிறுத்துக

ஆழம், வேகம், மூச்சு, கல் ஆகிய நான்கும் மாறிகள். மாறி என்பதை மேலே பெயர் ஒட்டிய ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கும், பெயர் மாறாது. 'கல்' என்ற பெட்டிக்கு இரண்டே மதிப்புகள்: 1 எனில் கல்லோடு இறங்குகிறார், 0 எனில் கயிற்றில் ஏறுகிறார்.

ஆறாம் வரி உங்களைத் திடுக்கிட வைக்கலாம். மூச்சு = மூச்சு − 1 என்று கணித வகுப்பில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று குறைந்த எண்ணுக்குச் சமமாகாது அல்லவா? ஆனால் இங்குள்ள சமக்குறி ஓர் ஆணை. "பெட்டியில் உள்ள எண்ணை எடு, ஒன்றைக் கழி, விடையை அதே பெட்டியில் வை" என்பதே அதன் பொருள். கணிதத்தின் சமக்குறி ஓர் உண்மையைக் கூறுகிறது. நிரலின் சமக்குறி ஒரு செயலைச் செய்யச் சொல்கிறது. இந்த வேறுபாடு புரிந்தால் நிரல் கற்பதில் ஒரு பெரிய படியைத் தாண்டிவிட்டீர்கள்.

தானே தோன்றும் முற்றுத் திசைவேகம்

முதல் வரியைப் பாருங்கள். கல்லின் எடை ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை 0.6 கூட்டுகிறது. நீரின் தடை, இருக்கும் வேகத்தில் பத்தில் மூன்று பங்கைக் கழிக்கிறது. கையாலேயே கணக்கிட்டால் வேகம் 0.6, 1.02, 1.31, 1.52 என்று வளரும். ஆனால் வளர்ச்சி 0.6, 0.42, 0.29, 0.21 என்று குறைந்துகொண்டே போகும். வேகம் 2-ஐ நெருங்கும்போது தடையும் 0.6-ஐ நெருங்குகிறது. கூட்டுவதும் கழிப்பதும் சமமாகின்றன. வேகம் அங்கேயே நிற்கிறது.

இதுவே பாடநூலில் நீங்கள் படிக்கும் முற்றுத் திசைவேகம். "வேகம் 2-இல் நிற்கட்டும்" என்று நாம் எங்கும் எழுதவில்லை. எடை, தடை என்ற இரண்டை மட்டும் சொன்னோம். சிறிய விதிகளை எழுதி, அவற்றிலிருந்து பெரிய விளைவு பிறப்பதைக் காண்பதுதான் இந்த முறையின் தனிச் சுவை. மழைத்துளி மண்டையைத் துளைக்காமல் இறங்குவதும் இதே கணக்கால்தான்.

காணாமற்போன கடல்தரை

ஐந்தாம் வரியில் "300 அல்லது அதற்கு மேல்" என்று ஏன் எழுத வேண்டும்? "ஆழம் = 300 எனில் நில்" என்றால் போதாதா? புதிதாக எழுதுபவர் பலர் அப்படித்தான் எழுதுவர். ஓட்டினால், குளிப்பவர் தரையைத் துளைத்துக்கொண்டு திரைக்கு அடியில் மறைந்துவிடுவார்.

கணக்கிட்டுப் பாருங்கள். 152-ஆம் சுற்றின் முடிவில் ஆழம் ஏறக்குறைய 299.33. அடுத்த சுற்றில் 301.33. மிகச் சரியாக 300 என்ற மதிப்பு வரவே இல்லை. நிபந்தனை ஒருமுறையும் நிறைவேறாததால் கணிப்பொறி அவரை நிறுத்தவில்லை. உண்மையான கல் எல்லா ஆழங்களையும் தொட்டுச் செல்கிறது. நிரலில் உள்ள கல் படிப்படியாகத் தாவுகிறது. தாவும் பொருள் எல்லைக்கோட்டை மிதிக்காமலே தாண்டிவிடும்.

இத்தகைய பிழையைக் கண்டு சோர்ந்துவிடக் கூடாது. நாம் நினைத்தது வேறு, எழுதியது வேறு என்பதைக் கணிப்பொறி முகத்துக்கு நேரே காட்டுகிறது, அவ்வளவே. எந்த மாறியில் ஐயமோ அதன் மதிப்பைத் திரையில் எழுதச் செய்து, சுற்றுக்குச் சுற்று கவனியுங்கள். பிழை தானாக அகப்படும்.

சிலபோது எதிர்பாராத விளைவே விளையாட்டுக்கு அழகு சேர்க்கும். 1978-இல் ஜப்பானின் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். எதிரிகள் சுடப்பட்டுக் குறையக் குறைய, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தன. மிஞ்சியவை வேகமாக நகர்ந்தன. ஆட்டம் அதனால் விறுவிறுப்பாவதைக் கண்டு அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

எப்போது கயிற்றை அசைப்பது?

இறங்க 153 சுற்றுகள். ஏற 150 சுற்றுகள். 600-இல் இவற்றைக் கழித்தால் 297. அதாவது கடலடியில் இருக்கக் கிடைப்பது 30 விநாடிகூட இல்லை. மூச்சு 150-க்குக் கீழே போன பிறகு கயிற்றை அசைத்துப் பயனில்லை. ஒரு சிப்பிக்கு ஆசைப்பட்டு நின்றால் ஆட்டம் முடிந்தது. திரையில் இது வெறும் தோல்வி. அந்நாளில் கடலில் இறங்கியவர்க்கு அது உயிர்.

இனி இடது, வலது அம்புக்குறி விசைகளால் குளிப்பவரைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். தரையில் சில சிப்பிகளைப் பரப்புங்கள். குளிப்பவரின் இடத்துக்கும் சிப்பியின் இடத்துக்கும் உள்ள வேறுபாடு 15 புள்ளிக்குக் குறைந்தால் ஒரு சிப்பி கிடைத்தது என்று எண்ணுங்கள். விளையாட்டு முழுமை பெற்றுவிடும்.

பார் வற்றுமா?

இப்போது ஒரு கேள்வி. அடுத்த ஆட்டத்தில் பாரில் எத்தனை சிப்பிகள் இருக்க வேண்டும்? அதை முடிவு செய்பவர் நீங்களே. எடுக்க எடுக்கக் குறையாத பார் என்றும் எழுதலாம். அல்லது இப்படி எழுதலாம்:

சிப்பி = சிப்பி + 0.2 × சிப்பி × (1 − சிப்பி ÷ 1000) − எடுத்தது

பார் 1000 சிப்பிகளைத் தாங்கும். இடம் நிரம்ப நிரம்பப் பெருக்கம் குறையும் என்பது இதன் பொருள். 500 சிப்பிகளோடு தொடங்குங்கள். ஒரு பருவத்துக்கு 40 எடுத்தால் பார் வளர்ந்து ஏறக்குறைய 724-இல் நிலைபெறும். 60 எடுத்தால்? பத்தாம் பருவத்தில் 394 இருக்கும். பெரிய குறைவாகத் தோன்றாது. இருபதாம் பருவத்தில் 232. இருபத்தேழாம் பருவத்தில் ஒன்றும் இராது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாடு இருபதே.

உண்மையான பார் இந்த ஒற்றை வரியில் அடங்காது. நீரோட்டம், மணல், சிப்பியைத் தின்னும் உயிரினங்கள் என்று பல அங்கே சேரும். முற்காலத்திலும் பல்லாண்டு முத்தே கிடைக்காத காலங்கள் இருந்தன. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் சிப்பிகளைப் பேணி வளர்ப்பு முத்தை உருவாக்கியது. நம் நிரல் இவ்வரலாற்றை விளக்கிவிடாது. ஆனால் "கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் என்ன?" என்ற கேள்வியை எண்களால் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தரும். மீன்வளத்தையும் நிலத்தடி நீரையும் பற்றிக் கணக்கிடும் அறிஞர்கள் இதே வகையான நிரல்களைத்தான் பெரிய அளவில் எழுதுகின்றனர்.

எதில் எழுதுவது?

2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் வெளியிட்ட ஸ்கிராட்ச் இதற்கு ஏற்றது; விலையில்லாதது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் அது இடம்பெற்றது. அதன் மேடை 480 புள்ளி அகலமும் 360 புள்ளி உயரமும் கொண்டது, ஆதிப்புள்ளி நடுவில். எனவே நீர்மட்டத்தை 150 என்ற உயரத்தில் வைத்து, குளிப்பவரை 150 − ஆழம் என்ற உயரத்தில் வரையுங்கள். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற கணிப்பொறி மொழியும் உண்டு. கணிப்பொறி கிட்டாதவர் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, முதல் பத்துச் சுற்றுகளைக் கையால் நிரப்பலாம்.

செய்து பாருங்கள்

1. நீர்த்தடையை 0.3-க்குப் பதில் 0.2 ஆக்கினால் முற்றுத் திசைவேகம் எவ்வளவு? முதலில் கணக்கிடுங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள்.

2. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு கூடும். அழுத்தம் = 1 + ஆழம் ÷ 200 என்ற வரியைச் சேருங்கள். அடியில் அழுத்தம் எவ்வளவு? பாயில் விதிப்படி, மேலே 5 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று அங்கே எத்தனை லிட்டர்?

3. பை கனத்தால் மேலே இழுக்கும் வேகம் குறையும்படி மூன்றாம் வரியை மாற்றுங்கள். இப்போது எத்தனை சிப்பிகளோடு கயிற்றை அசைப்பது பாதுகாப்பு?

4. ஒரு பருவத்துக்கு 50 சிப்பிகள் எடுத்தால் பார் என்னவாகும்? 500-இல் தொடங்கியும் 490-இல் தொடங்கியும் பாருங்கள். இரண்டு முடிவுகளும் ஏன் வேறுபடுகின்றன என்று நண்பர்களோடு கலந்து பேசுங்கள்.